கறிவேப்பிலைக் குழியில் இன்னொருவர் மண்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன், எழுத்துப் பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதால்தான் எழுதுகிறேன்.

பிள்ளைப்பாக்கம் பக்கம் எங்கள் மனை பள்ளமாக இருந்தது. ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்கு அஸ்திவாரம் தோண்டியபோது, டிப்பர் ஓட்டுபவர்களிடம் கெஞ்சி அந்த மண்ணைக் கொண்டுவந்து கொட்டி மேடாக்கினேன். முன்பின் தெரியாதவர்களிடம் நான் வாய் திறந்து கேட்டு வாங்கிய ஒரே பொருள் அந்த மண்தான். மழைக்காலத்தில் தெரு முழுக்கத் தண்ணீர் நிற்கும்போது எங்கள் வாசல் மட்டும் காய்ந்திருக்கும். என் மனைவி அதை அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்வாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

வீட்டின் பின்னால் அவள் ஒரு கறிவேப்பிலைக் கன்று வைத்தாள். மஞ்சளாகி, வளராமல் நின்று, காய்ந்துபோனது. அடுத்ததும் அப்படியே. கன்று வாங்கிய நர்சரி குன்றத்தூர் சாலையில் இருக்கிறது. அங்கே போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.

"அந்த அண்ணன் இன்னா சொன்னாரு தெரியுமா? நம்ம வூட்டு மண்ணு செத்த மண்ணாம்."

சோறு பிசைந்த கை அப்படியே நின்றது. "யாரு அவன்?"

"நர்சரிக்காரருயா. நல்ல மனுஷன். எது கேட்டாலும் நின்னு நிதானமா சொல்றாரு."

அண்ணன் என்றுதான் சொன்னாள். ஆனாலும் அந்த 'நிதானமா' எனக்குப் பிடிக்கவில்லை. ஷிப்ட் முடிந்து வந்தால் நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பவன்.

மறுநாள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் உரக்கடையில் டி.ஏ.பி. வாங்கினேன். அவள் புதிதாக வைத்திருந்த கன்றின் அடியில், அவள் பார்க்கவே அள்ளிப் போட்டேன். என் மண்ணில் என் கையால் வளரட்டும் என்றிருந்தது. சில நாளில் இலை நுனியெல்லாம் கருகிவிட்டது. அவள் திட்டவில்லை, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நர்சரிக்குப் போனாள். திட்டியிருந்தால் தேவலை.

வரும்போது வேறொரு கன்றும், ஒரு பை மண்ணும், சின்னப் பொட்டலத்தில் ஏதோ பொடியும் கொண்டுவந்தாள். நர்சரியில் இருக்கும் பழைய கறிவேப்பிலை மரத்தடியில் எடுத்த மண்ணாம். குழியில் இருந்த உரத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த மண்ணையும் பொடியையும் வேரில் படும்படி வைத்து நட்டாள். நான் தண்ணீர்ச் சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

செடி பிடித்துக்கொண்டது. முதல் தளிர் வந்ததும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் நர்சரிக்காரருக்கு அனுப்பினாள். என் வீட்டுக்குள்ளேயே அவர் குரல் கேட்டது. "சூப்பர்மா! தளிரு நல்லா கீது. தண்ணி அளவா ஊத்து." அதை இன்னொரு முறை போட்டுக் கேட்டாள். அதன்பிறகு ரசத்தில் கறிவேப்பிலை மிதந்தால் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினேன்.

"இன்னாயா, சின்னப் புள்ள மாதிரி?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாராந்திர லீவு நாள் ஒன்றில், அவளிடம் சொல்லாமல் அந்த நர்சரிக்குப் போனேன். ஆளைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். என் வயதுதான் இருக்கும். ஆனால் தலையில் என்னைவிட முடி அதிகம். பச்சை வலைப் பந்தலை இரண்டு சுற்றுச் சுற்றினேன். "இன்னாண்ணா வேணும்?" என்று அவரே வந்தார். பிள்ளைப்பாக்கம், கறிவேப்பிலை என்று முணுமுணுத்தேன்.

"அட, அந்தம்மா வூட்டுக்காரரா! உக்காருங்கண்ணா." டீ சொன்னார்.

"செத்த மண்ணுன்னு சொன்னீங்களாமே?"

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. அது ஆழத்துலேர்ந்து வந்த மண்ணு. மேல் மண்ணுல வேரோட ஒட்டிகினு ஒரு பூசணம் இருக்கும். வேர் உட்பூசணம்னு சொல்வாங்க. நான் குடுத்த மண்ணு, பொடி ரெண்டுலயும் அதான் கீது. கண்ணுக்கே தெரியாத நூலு. வேரு போவ முடியாத சந்துலல்லாம் பூந்து மணிச்சத்த, அதான் பாஸ்பரஸ, கொண்ணாந்து செடிக்குக் குடுக்கும்."

"சும்மாவா குடுக்கும்?"

"சும்மா எவன் குடுப்பான்? இலை ஆக்குற சக்கரையில அதுக்கும் பங்கு போவுது. நீங்க டி.ஏ.பி. கொட்னீங்களே, மணிச்சத்து அப்டி வேரண்டயே கெடச்சா செடி அந்தப் பூசணத்த சேத்துக்காது."

டி.ஏ.பி. கதையும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவரை நிமிர்ந்து பார்த்தேன். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அந்தம்மா சொல்லிச்சு, எங்க வூட்டுக்காரரு வந்தா மண்ணப் பத்தி பேசாதீங்க, மனசு கஷ்டப்படுவாருன்னு. நான்தான் வாய வுட்டுட்டேன்."

அவள் எனக்காகப் பார்த்திருக்கிறாள் என்று சந்தோஷப்பட்டிருக்கலாம். ஆனால் இந்தப் பந்தலுக்குள் நின்று இரண்டு பேரும் என் மனக்கஷ்டத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். அதுதான் அரித்தது. தன் சர்க்கரையை முகம் தெரியாத யாருக்கோ அனுப்பும் அந்தச் செடி மேலும் கோபம் வந்தது.

"அந்த மண்ண வருஷா வருஷம் வாங்கணுமா?" என்று கேட்டேன்.

"வேணாண்ணா. வேரு இருக்குறவரைக்கும் அதுவும் பரவிகினே இருக்கும். இனிமே உங்க மண்ணே போதும்."

உங்க மண்ணே. அந்த ஒரு பேச்சை மட்டும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன்.

இந்த வருஷம் மழை கொஞ்சம் விட்டபோது, எலுமிச்சைக்கு ஒரு குழி தோண்டினேன். கறிவேப்பிலைச் செடியடியில் மெல்லிய வேர்களோடு கொஞ்சம் மண் எடுத்தேன். உற்றுப் பார்த்தேன். நூல் எதுவும் தெரியவில்லை. அதைக் குழியில் போட்டுவிட்டு அவளைக் கூப்பிட்டேன். பஸ்ஸில் வரும்போதெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"பாரு, இது நம்ம மண்ணு. இனிமே நீ அங்க போவ வேணாம்."

அவள் இடுப்பில் கை வைத்துக் குழியைப் பார்த்தாள். "மண்ணு சரி. கன்னு எங்கயா?"

அதை நான் யோசிக்கவே இல்லை. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு ஸ்கூட்டி சாவியை எடுத்தாள்.

"நானும் வரேன்" என்றேன்.

நர்சரியில் அவளும் அவரும் பேசிக்கொண்டே கன்று பார்த்தார்கள். நான் அவளை ஒட்டியே நின்றேன். அவர் ஒன்றைத் தூக்கி என்னிடம் காட்டினார். "இது ஓகேவாண்ணா?"

நல்ல கன்றுதான். பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"வேற காட்டுங்க."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வேறொன்று எடுத்து வந்தார். அதைத்தான் வாங்கினோம். இன்று காலை நட்டேன்.

2025 நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை.