அண்ணனின் மாவுக்கட்டு

இன்று முதுகெலும்பு இணைப்பு அறுவைக்குத் திருகாணியும் கம்பியும் வைக்கிறார்கள். சில நாளில் நோயாளி எழுந்து நடக்கிறார். மலாய் நாட்டு விடுதலையான மெர்டேக்காவுக்கு அடுத்த ஆண்டு எங்கள் மருத்துவமனையில் அதெல்லாம் கிடையாது. இடுப்பெலும்பிலிருந்து துண்டுகள் வெட்டியெடுத்துக் கீழ்முதுகில் அடுக்குவார்கள். அவை ஒட்டும்வரை முதுகு அசையக்கூடாது. மார்பையும் இடுப்பையும் சுற்றிய மாவுக்கட்டுதான் அன்றைய திருகாணி. அங்கே கட்டுப் போடும் டிரெஸ்ஸராக இருந்த எனக்கு இது நன்றாகவே தெரியும்.

என் அண்ணன் ஆற்றோரக் கிடங்கில் அரிசி மூட்டை தூக்கியவர். முதுகு போய், அந்த அறுவையைச் செய்துகொண்டு, காஜா பெராங்கிலிருந்த வீட்டில் மாதக்கணக்கில் படுத்திருந்தார். மறுபடி மூட்டை தூக்க வேண்டும், அது ஒன்றுதான் அவர் எண்ணம். எழுந்து நடக்க அனுமதித்த சமயத்தில் மாரியம்மன் திருவிழா வந்தது. பால்குடம் எடுப்பதாக வேண்டியிருந்தார். தலைமுழுகாமல் குடத்தைத் தொட முடியாது.

“இந்தச் சிமெண்டுச் சட்டையோட போனா ஆத்தாவே மூக்கப் பொத்திக்குவாடா. அறுத்து விடு. வந்து மறுபடி போட்டுக்கிறேன்.”

“எக்ஸ்ரே பாத்துட்டுதான் அவுக்கணும்னு டாக்டர் சொன்னாருல்ல?” என்றார் அண்ணி.

“வலி இல்லல்ல அண்ணி? அப்ப ஒட்டிருச்சு. நான் தெனமும் பாக்குற வேலை இது.”

அறுத்தேன். அண்ணன் குளித்தார், குடம் எடுத்தார், சிரித்தபடி திரும்பினார். புதுக் கட்டை நானே அழகாகப் போட்டுவிட்டேன்.

சில வாரங்களில் வலி திரும்பியது. எக்ஸ்ரேயில், வைத்த எலும்பின் நடுவே ஒரு கறுப்புக் கோடு. ஒட்டவில்லை. வெள்ளைக்கார மருத்துவர் கட்டைத் தட்டிப் பார்த்தார். இது நான் போட்ட கட்டில்லையே, என்ன நடந்தது என்றார். அவருக்குத் தமிழ் தெரியாது; மொழிபெயர்த்தவன் நான்.

அண்ணன் என்னைப் பார்க்காமலே சொன்னார்: “குடிச்சிட்டுக் கெணத்தடியில விழுந்துட்டேன், கட்டு ஒடைஞ்சிருச்சு, நீ சரிபண்ணுனன்னு சொல்லு. இல்லாட்டி ஒன் வேலை போயிரும்.”

அண்ணன் குடித்ததே இல்லை. நான் அதைச் சுத்தமான ஆங்கிலத்தில் சொன்னேன். மருத்துவர் முகம் இறுகியது. சொன்னதைக் கேட்காத குடிகாரனுக்கு மறுபடி எலும்பு வைத்துப் பயனில்லை என்றார். அதையும் நானே தமிழில் சொன்னேன். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருந்தால் அவருக்கு மறு அறுவை கிடைத்திருக்கலாம். சொல்லவில்லை.

அண்ணன் அதன்பின் மூட்டை தூக்கவில்லை. தெங்கேராவில் ஒரு சைக்கிள் கடை வாசலில் உட்கார்ந்து டியூப் ஒட்டினார். நான் பதவி உயர்ந்து ஓய்வுபெற்றேன். அந்த நாளைப் பற்றி அவர் ஒரே ஒரு முறை பேசினார்.

“என்னா இங்கிலீசுடா பேசுன அன்னிக்கு! திக்கல, தெணறல.”