எடுத்த நேரம் 12.10, இடம் எங்கடை வீடு

இது இட்டுக்கட்டின கதை இல்லை. பேய் என்றால் நடுச்சாமம் வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நடந்ததெல்லாம் பட்டப்பகலில், சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில். சிவகௌரி கைபேசியைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு நேரமாகச் சொன்னாள், நான் எழுதிக்கொண்டேன். நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். நானும் முதலில் சிரித்தவன்தான்.

சிவகௌரிக்கு ஊர் அளவெட்டி. கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. படம் எடுக்கிற விசர் அவளுக்குப் பிடித்தது, புருஷன் சுதாகரன் கட்டாருக்குப் போன பிறகு. பிள்ளை ஆரணி நடந்தால் ஒரு படம், சோறு சிந்தினால் ஒரு படம் என்று அவனுக்கு அனுப்பி அனுப்பிக் கை நன்றாகப் பழகிவிட்டது. பிறகு ‘எங்கடை கமரா’ என்ற முகநூல் குழுவில் சேர்ந்தாள். ஏழாயிரம் பேர் இருக்கிற குழு. ஊரில் இருப்பவர்கள் எடுத்துப் போடுவார்கள். கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் பார்த்து அழுவார்கள். கிழமைக்கு ஒரு தலைப்பு. குழுவை நடத்துகிற வின்சன்ற், ஓய்வுபெற்ற படவரைஞர், கண்டிப்பான மனிதர். எடுத்த நேரமும் இடமும் எழுதாத படத்தை ஈவிரக்கமில்லாமல் தூக்கிவிடுவார்.

அந்த மனிதர்தான் ஒருநாள் ஆரணியின் படத்துக்குக் கீழே எழுதினார்: “நல்ல படம். ஆனால் கன்னத்திலை இருக்கிற கறுப்பு கண்ணை இழுக்குது.”

கறுப்பு வேறொன்றும் இல்லை. நாவூறு படக்கூடாதென்று பிள்ளைக்கு வைக்கிற பொட்டு. தாய் வேலைக்குப் போகிற நேரம் ஆரணியைப் பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டு இராசாத்தியக்கா, குளிக்க வார்த்ததும் முதல் வேலையாக அதைத்தான் வைப்பாள். “கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது” என்று நாளுக்கு நாலு தரம் சொல்லுகிற மனுஷி. வின்சன்ற் வேதக்காரர், தேவாலயத்துக்குப் போகிறவர். அவருக்கு அது படத்தில் விழுந்த ஊத்தை, அவ்வளவுதான்.

அடுத்த கிழமைத் தலைப்பு, யன்னல்.

ஞாயிற்றுக்கிழமை சிவகௌரி ஓட்டோ பிடித்து, பிள்ளையோடு மயிலிட்டிக்குப் போனாள். இராணுவத்தின் கையில், இருபத்தேழு வருஷம் ஒருவரும் கால்வைக்க முடியாமல் கிடந்து விடுபட்ட காணிகள் அங்கே இருக்கின்றன. அதில் ஒரு வீடு. கூரை இல்லை, கதவு இல்லை. முன்சுவரும் ஒரு யன்னலும் மட்டும் பழுதில்லாமல் நின்றன. கூரை இல்லாததால் உச்சி வெயில் நேரே உள்ளே விழுந்தது. இதைவிட நல்ல வெளிச்சம் எங்கே கிடைக்கும்? பிள்ளையை உள்ளே கொண்டுபோய், ஒரு கல்லின்மேல் ஏற்றி, யன்னலுக்கு நேரே நிறுத்தினாள். அழாமல் நிற்க ஒரு மாங்காயைக் கொடுத்தாள். ஆரணி அதை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டாள்.

“தங்கச்சி, உச்சி நேரத்திலை பிள்ளையை உதுக்குள்ளை தனிய விடாதேங்கோ” என்றான் ஓட்டோக்காரன்.

“ரெண்டு நிமிஷம் அண்ணை.”

வெளியே வந்து குறிபார்த்தாள். பிள்ளை பக்கத்தில் திரும்பி, கீழே பார்த்து, சிரித்துக்கொண்டிருந்தது.

“ஆரணி, இஞ்சை பார்!”

பார்த்தது. எடுத்தாள். நேரம் 12.10.

அன்று பின்னேரம் 5.40க்குப் படத்தைக் குழுவில் போட்டாள். போடமுன் ஒரு வேலை செய்தாள். கன்னத்துப் பொட்டைக் கைபேசியிலேயே தேய்த்து அழித்தாள். ஒரு விரலால், இரண்டே தேய்ப்பில். யாராவது கெட்ட எண்ணத்தோடு செய்வார்களா? படம் வடிவாக வரவேண்டும், நாலு பேர் நல்லதென்று சொல்லவேண்டும் என்ற ஆசை. அந்த ஆசை யாரைத்தான் விட்டது! ஒரு மணித்தியாலத்தில் தொள்ளாயிரம் பேர் விரும்பினார்கள். நாற்பத்தொரு பேர் படத்தை இறக்கி எடுத்துத் தங்கள் பக்கங்களில் பகிர்ந்தார்கள்.

6.52க்கு ஒரு பின்னூட்டம் வந்தது. பெயர், நவமணி தேவராஜா. இருப்பிடம், ரொறன்ரோ, கனடா. முகப்படம் இல்லை.

“ரெண்டு பேரும் நல்ல வடிவு.”

ரெண்டு பேரா? சிவகௌரி படத்தைப் பெருப்பித்துப் பார்த்தாள். யன்னலில் ஆரணி ஒருத்திதான் நின்றாள். மாங்காயைப் பிடித்த இரண்டு கையும் நெஞ்சோடு இருந்தன.

ஆனால் யன்னலின் அடிக்கட்டையில் நாலு விரல்கள் இருந்தன.

சின்ன விரல்கள். உள்ளேயிருந்து எட்டிப் பிடித்த மாதிரி...

உடனே வின்சன்றுக்கு அழைப்பு எடுத்தாள். “தொடாத மூலப்படத்தை எனக்கு அனுப்பு” என்றார். அனுப்பினாள். இருவருமாகப் பார்த்தார்கள். மூலப்படத்தில் கன்னத்தில் பொட்டு இருந்தது. விரல்கள் இல்லை. பொட்டை அழித்த படத்தில் மட்டும்தான் விரல்கள்.

“கமரா செய்யிற சேட்டை, விடு பிள்ளை” என்றார் வின்சன்ற். குரல் அவ்வளவு உறுதியாக இல்லை.

திங்கட்கிழமை. சிவகௌரி வேலையில் இருந்தாள். 12.25க்கு இராசாத்தியக்கா அழைத்தாள். “கெதியா வா. பிள்ளைக்கு நெருப்பாய்க் காயுது.” விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று எழும்பிப் போய் யன்னலடியில் நின்றதாம். வலக்கையைப் பக்கத்தில் நீட்டி, யாருக்கோ பிடிக்கக் கொடுத்த மாதிரி. கூப்பிட்டால் திரும்பவில்லையாம். அப்போது சுவர் மணிக்கூட்டில் என்ன நேரம் என்று சிவகௌரி கேட்கவில்லை. இராசாத்தியக்காவே சொன்னாள், “பன்ரண்டு பத்திருக்கும்.”

ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்தார்கள். ஒரு குறையும் இல்லை, சாதாரணக் காய்ச்சல் என்று மருந்து கொடுத்து அனுப்பினார்கள். ஆனால் ஆரணி கதைக்கவில்லை. தண்ணீர் வேண்டுமென்றுகூடக் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை இராசாத்தியக்கா அந்தப் படத்தைக் கைபேசியில் கண்டாள்.

“பொட்டு எங்கையடி?”

சிவகௌரி சொன்னாள்.

“விசரி! பொட்டில்லாத பிள்ளையை, அதுவும் உச்சியிலை, பாழ்வளவிலை வைச்சு உலகத்துக்கெல்லாம் காட்டிப்போட்டியேடி!” என்று தலையில் அடித்துக்கொண்டாள். அப்போதே செத்தல் மிளகாய், உப்பு, முச்சந்தி மண் எல்லாம் எடுத்து, பிள்ளையின் தலையை மூன்று தரம் சுற்றி அடுப்பில் போட்டாள். செத்தல் மிளகாய் எரிந்தால் வீடே இருமவேண்டும்.

ஒருவரும் இருமவில்லை. மணமே இல்லை. மிளகாய் சத்தமில்லாமல் கரியானது.

“இது மனுசக் கண் இல்லை” என்றாள் இராசாத்தியக்கா.

சிவகௌரி படத்தை அழித்தாள். வின்சன்ற் குழுவில் கெஞ்சிக் கேட்டு, பகிர்ந்தவர்களிடமெல்லாம் அழிப்பித்தார். புதன் மாலைக்குள் நாற்பது பேர் அழித்துவிட்டார்கள். ஒன்று மிச்சம். நவமணி தேவராஜாவின் பக்கம்.

அந்தப் பக்கத்தில் படம் அப்படியே இருந்ததென்றால் நான் இதை எழுதவே மாட்டேன். அது மாறிக்கொண்டிருந்தது.

செவ்வாய் பார்த்தபோது விரல்கள் இருந்த இடத்தில் மணிக்கட்டு வரைக்கும் கை.

புதன் பார்த்தபோது அந்தக் கை ஆரணியின் தோளில்.

வியாழன் காலை 11.30க்குப் பார்த்தாள். கை இல்லை. யன்னலில் ஒரு பிள்ளைதான். அதே மாங்காய். அதே சட்டை. ஆனால் நாடி ஆரணியுடையது இல்லை. வாய் ஆரணியுடையது இல்லை. கண் மட்டும்... கண் மட்டும் இன்னும் அவளுடையதாக இருந்தது.

சிவகௌரி பாயில் கிடந்த பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள். கண் திறந்திருந்தது. தாயைத் தெரியாத பார்வை.

நவமணியின் உட்பெட்டிக்கு எழுதினாள். “தயவுசெய்து அந்தப் படத்தை அழியுங்கோ. என்ரை பிள்ளை சாகுது.”

11.58க்குப் பதில் வந்தது. எழுத்து இல்லை. ஒரு படம்.

மயிலிட்டி வீட்டுக்கு உள்ளேயிருந்து எடுத்த படம். முன்னால் ஆரணியின் பின்தலை. யன்னலுக்கு அப்பால், வெயிலில், கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி சிவகௌரி. அதற்குப் பின்னால் ஓட்டோ.

கீழே, குழுவின் முறைப்படியே எழுதியிருந்தது.

“எடுத்த நேரம் 12.10. இடம் எங்கடை வீடு.”

அன்றைக்கு ஆரணியைத் தவிர உள்ளே யாரும் இருக்கவில்லை.

அழைப்புப் பொத்தானை அழுத்தினாள்.

ட்ரிங்... ட்ரிங்... ஆறாவது மணியில் எடுபட்டது.

“ஹலோ” என்றது வயதான பெண்குரல்.

“அம்மா, நான் அளவெட்டியிலையிருந்து சிவகௌரி. அந்த யன்னல் படம்...”

“தெரியும் பிள்ளை. அதிலை நிக்கிறது என்ரை ஷாமினி.”

கிழவி தானாகவே சொன்னாள். தொண்ணூறாம் ஆண்டு. நாலு வயது. காய்ச்சல் வந்து நாலாம் நாள் மத்தியானம் போய்விட்டாள். அடக்கம் செய்து மூன்றாம் நாள் ஷெல்லடி. உடுத்த உடுப்போடு அந்த வீட்டை விட்டு ஓடினார்கள்.

“அல்பம் ஒண்டும் எடுக்கேல்லை பிள்ளை. முப்பத்தஞ்சு வருஷத்திலை அவளின்ரை முகம் எனக்கு மறந்துபோச்சு. இப்பதான் பாக்கிறன். நாடியிலை அந்தக் குழி. அந்தச் சின்ன வாய். நீ எடுத்த படத்திலைதான்.”

நாலாம் நாள். சிவகௌரி விரல்விட்டு எண்ணினாள். திங்கள், செவ்வாய், புதன், வியாழன். நேரம் 12.05.

“அம்மா, அதிலை நிக்கிறது என்ரை பிள்ளையும். உங்கடை பிள்ளை வர வர என்ரை பிள்ளை போய்க்கொண்டிருக்கிறாள். அழிச்சுவிடுங்கோ அம்மா. உங்கடை காலிலை விழுறன்.”

“எத்தினை வயசு?” என்று கேட்டாள் கிழவி.

“நாலு.”

நீண்ட மூச்சு ஒன்று கேட்டது.

“நானும் ஒரு தாய். அழிக்கிறன். கொஞ்சம் பொறு... கடைசியாய் ஒருக்கால் பாத்திட்டு.”

ஒன்றரை நிமிஷத்துக்கு மேலே சத்தமில்லை. ஒரு தாயிடம், அவள் பெற்ற பிள்ளையின் ஒரே முகத்தை அழிக்கச் சொல்லிவிட்டுக் காத்திருப்பது எவ்வளவு பெரிய பாவம்! சிவகௌரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்போது மறுமுனையில் ஒரு சத்தம். டப்... டப்... டப்... பலகை நிலத்தில் சின்னக் கால்கள் ஓடி வருகிற சத்தம். பேரப்பிள்ளையாக்கும் என்று நினைத்தாள். கனடாவில் அப்போது விடியப்புறம் இரண்டு நாற்பது என்பது பிறகுதான் உறைத்தது.

“பாத்திட்டன்” என்றாள் கிழவி.

அழைப்பு அறுந்தது. படம் மறைந்தது.

12.10.

பாயிலிருந்து ஒரு குரல். “அம்மா... பசிக்குது.”

ஆரணியின் உடம்பு வேர்த்துக் குளிர்ந்திருந்தது. இராசாத்தியக்கா அழுதபடியே ஓடிப்போய்க் கஞ்சி வைத்தாள். சிவகௌரி பிள்ளையை மடியில் தூக்கி வைத்து, இனி அந்தக் குழுவும் வேண்டாம் ஒரு மண்ணாங்கட்டியும் வேண்டாம் என்று அன்றைக்கே விலகிவிட்டாள்.

இதோடு முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள்.

மூன்று கிழமை கழித்து ரொறன்ரோவிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. வின்சன்றிடம் இலக்கம் வாங்கினதாம்.

“அக்கா, என்ரை பேர் பிறேம். நவமணியின்ரை மகன். அம்மா படத்தை அழிச்சதுக்கு நன்றி எண்டு வின்சன்ற் ஐயா எழுதியிருந்தார். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை.”

சிவகௌரி நடந்ததைச் சொன்னாள்.

“அக்கா... அம்மாவுக்குச் சீனி வருத்தத்திலை ரெண்டு கண்ணும் போய் ஆறு வருஷம். மருந்துக் குளிசைகூட நாங்கள் கையிலைதான் வைக்கிறம். அந்தப் பழைய போன் மேசை லாச்சிக்குள்ளை சார்ஜ் இல்லாமல் கிடக்குது.”

“அவ என்னோடை கதைச்சவ. நாடியிலை குழி எண்டெல்லாம் சொன்னவ. எப்பிடிப் பாத்தவ எண்டு கேட்டனீங்களோ?”

“இப்ப கேட்டனான். பக்கத்திலைதான் இருக்கிறா. ‘அவள் கிட்டக் கொண்டுவந்து பிடிச்சுக் காட்டினவள்’ எண்டு சொல்லுறா.”

“ஆர்?”

“ஷாமினி, என்ரை தங்கச்சி. இனிப் போகமாட்டாளாம். எங்களோடைதான் நிக்கப்போறாளாம்.”

பிறேம் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

“அக்கா, எனக்கும் நாலு வயசிலை ஒரு மகள் இருக்கிறாள். முந்தநாள் துவங்கிக் காய்ச்சல். கதைக்கிறாளில்லை. நீங்கள் என்ன செய்து பிள்ளையை மீட்டனீங்கள்?”

“படத்தை அழிச்சம்” என்றாள் சிவகௌரி.

“இஞ்சை படம் ஒண்டும் இல்லையே, அக்கா.”