படகில் கண் இல்லாத அத்தை

நான் இப்போது சுவர்களில் படம் வரைந்து பிழைக்கிறேன். மேம்பாலத் தூண், பள்ளிக்கூட மதில், பல் டாக்டரின் வரவேற்பறை என்று எதையும் விட்டதில்லை. எடுத்த வேலையைச் சொன்ன தேதியில் முடித்துவிடுவேன். முடிக்காமல் கிடப்பது ஒன்றே ஒன்று. அதுதான் எனக்கு வந்த முதல் வேலை. காசிமேட்டில் நிற்கும் என் மாமாவின் விசைப்படகில், கேபினின் வெளிப்பக்கம், அத்தையின் முகம் பல வருடங்களாகக் கண் இல்லாமல் இருக்கிறது.

எனக்கு அப்போது பதினோரு வயது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. அவர் படகில் அதற்கு முன்பு ஒரு சினிமா நடிகை சிரித்துக்கொண்டிருந்தார். மீன் ஏலம் எடுக்க அத்தை விடியற்காலையில் துறைமுகத்துக்குப் போனால், புருஷனுக்கு முன்னால் அந்த நடிகைதான் தென்படுவார். அதைக்கூட அத்தை பொறுத்துக்கொண்டார். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி, படகுகள் எல்லாம் கரையேறிப் பெயின்ட்டுக்குக் காத்திருந்த நேரத்தில், மாமா தன் கையாலேயே நடிகையின் கன்னத்துக்குப் புது ரோஸ் பூசியதை யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். அத்தை துணிமணியைக் கட்டிக்கொண்டு திருவொற்றியூரில் இருந்த தாய்வீட்டுக்குப் போய்விட்டார்.

மாமா இரண்டு நாள் வீராப்பாக இருந்தார். மூன்றாம் நாள் பெயின்ட் டப்பாவோடு எங்கள் வாசலில் நின்றார்.

"இஸ்கூல்ல பிரைஸ் வாங்கினியே பாப்பா, உங்க அத்த மூஞ்சிய போட்டுல வரைஞ்சி குடு. நம்ம பெயின்டரு யார வரைஞ்சாலும் அந்த நடிகையாத்தான் வருது. முடிச்சதும் கீய உன் பேர எய்திக்கோ. ஆனா கண்ணு மட்டும் கடசில. போட்டு தண்ணில எறங்கற அன்னிக்குதான் தெறக்கணும். சாமிக்கே அப்டித்தான்."

படகில் என் பெயர்! ஆந்திரா எல்லை வரை கடலில் போகும் என் பெயர்! அந்த ஆசையில் பள்ளி விடுமுறை முழுக்க வெயிலில் ஏணிமேல் நின்றேன். வலை பின்னுகிறவர்கள் கீழே இருந்தபடி மூக்கைத் திருத்தினார்கள். ஐஸ் வண்டிக்காரர் மோவாயைக் குறைக்கச் சொன்னார். எத்தனை கோட்டிங் அடித்தாலும் நடிகையின் இடது காது மட்டும் எட்டிப் பார்த்தது. கடைசியில் அதை அத்தைக்கே வைத்துவிட்டேன்.

கண்ணுக்கு வந்ததும் மாட்டிக்கொண்டேன். கல்யாண போட்டோவில் அத்தை தலையைக் குனிந்திருந்தார். ரேஷன் கார்டில் முறைக்கிறாரா தூங்குகிறாரா என்று சொல்ல முடியவில்லை. மாமாவின் செல்போனில் இருந்ததெல்லாம் வஞ்சிரமும் எஞ்சினும்தான். மாமாவையே கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"இன்னான்னு சொல்றது பாப்பா? மறந்துபூட்ச்சே. அவ நேர்ல வந்தாதான் சொல்ல முடியும்."

பதினாலு வருடம் குடித்தனம் நடத்திய மனிதர் இப்படிச் சொன்னதும் எனக்கு ரொம்பப் பாவமாகிவிட்டது. பரீட்சைக்காக அப்பா எனக்கு வாங்கித் தந்திருந்த வல்லாரை மாத்திரை டப்பாவை அப்படியே மாமாவிடம் கொடுத்தேன். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்றும் சொன்னேன்.

மறுநாள் அம்மாவோடு தண்டையார்பேட்டை மார்க்கெட்டுக்குப் போனேன். அங்கே தன் கடையில் மீன் வெட்டிக்கொண்டிருந்த அத்தையிடம் மாமாவின் ஞாபக மறதியைப் பற்றிக் கவலையோடு சொன்னேன். கத்தி பாதி மீனில் நின்றது.

"இன்னாது? என் கண்ணு மறந்துபூட்ச்சாமா அந்தாளுக்கு? பதினாலு வருசமா இத்த வெச்சிதான மொறைச்சிக்கினு கீறேன்! நாளைக்கு வரேன்னு சொல்லு. ஞாபகம் வர வெக்கிறேன்."

வந்தார். கவிழ்த்துப்போட்ட ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்தார். நான் பிரஷை எடுத்தேன். ஆனால் அவர் என் பக்கம் திரும்பினால்தானே? மாமாவைப் பார்த்துத் திட்டவே நேரம் போதவில்லை. மாமா டீ வாங்கி வந்து, வெயில் கூசுகிறது, நாளைக்கு வரையலாம் என்றார். மறுநாள் மேகமூட்டம், வெளிச்சம் போதாதாம். அதற்கு மறுநாள் அத்தைக்குத் தூக்கம் இல்லாமல் கண் வீங்கியிருக்கிறதாம். அத்தையும் தினமும் ஷேர் ஆட்டோ பிடித்து வந்தார். நாளாக நாளாகத் திட்டு குறைந்தது. டீயோடு பஜ்ஜியும் சேர்ந்துகொண்டது. நடுவில் என் பிரஷ்தான் காய்ந்தது.

தடைக்காலம் முடிந்தது. பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, கண் திறக்காத அத்தையோடு படகு தண்ணீரில் இறங்கியது. முடியாத படத்தில் எப்படிப் பெயர் எழுதுவது? நான் ஏணியைக் கட்டிக்கொண்டு அழுதேன். பக்கத்துப் படகுக்காரர்கள் சிரித்தார்கள். அத்தை அவர்களை விடவில்லை.

"கடல்லயும் இந்தாளு மூஞ்சிய நா பாத்துக்கினு கெடக்கணுமா? வூட்ல பாக்கறது பத்தாதா?"

வூட்ல என்று அத்தை சொன்னதும் மாமா சட்டென்று திரும்பிக்கொண்டு, யாரும் இழுக்கச் சொல்லாத ஒரு கயிற்றை இழுத்தார். அன்று சாயங்காலமே அத்தையின் துணிமூட்டை மாமா வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

இந்த வருடத் தடைக்காலத்திலும் அந்த முகத்துக்கு மறுபூச்சு அடிக்கப் போயிருந்தேன். இப்போதாவது கண்ணை வரைந்துவிடட்டுமா என்று கேட்டேன். மாமா பெயின்ட்டைக் கலக்கியபடி, நிமிராமலே சொன்னார்.

"எடது கண்ணு கொஞ்சம் சின்னது பாப்பா. கோவம் வந்தா அதான் மொதல்ல செவக்கும். கல்யாணத்தன்னிக்கே பாத்துட்டேன். வேணாம், இப்டியே கெடக்கட்டும்."

மாமா எதையும் மறக்கவில்லை என்று அந்தப் பதினோரு வயதில் எனக்கு எங்கே புரிந்தது? மாத்திரை வேலை செய்யவில்லையே என்று அதைத் தயாரித்த கம்பெனிக்காரர்கள்மேல்தான் கோபம் கோபமாக வந்தது. மாமாவோ அந்த டப்பா காலியாகும்வரை, என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு மாத்திரையை எடுத்து விழுங்கி, விழுங்கியாயிற்று என்று நாக்கை நீட்டிக் காட்டினார்.