தோற்கவே விடாத பயிற்சிக் கணக்கு

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மழைக்காலம் தொடங்கின சமயம். திருவொற்றியூர் மார்க்கெட்டில் நான் மீன் கடை வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஆட்குறைப்பு என்று சொல்லி, கணக்கை முடித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கைக்கு வந்த பணத்தை மகளின் நர்சிங் படிப்புக்கென்று வங்கியில் போட்டிருந்தோம். எங்களுக்கு இருந்த சேமிப்பு அது ஒன்றுதான்.

நான் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. காசிமேட்டில் மொத்த வியாபாரி நிறுத்துக் கொடுத்த மீனை, பக்கத்துக் கடைத் தராசில் இன்னொரு தடவை வைத்துப் பார்த்த பிறகுதான் காசு கொடுப்பேன். சொந்த அண்ணன் நிறுத்தாலும் அப்படித்தான். மார்க்கெட்டில் இதைச் சொல்லியே என்னைக் கலாய்ப்பார்கள். என் வீட்டுக்காரரோ நேர்மாறு, வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள்.

வேலை போனதிலிருந்து மனுஷன் பேச்சையே குறைத்துக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார். மற்றபடி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கன்டெய்னர் லாரிகள் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்படி இருந்தவர் ஒரு நாள் முகமெல்லாம் சிரிப்பாக வந்து நின்றார். டாலர், யூரோ விலை ஏறி இறங்குவதை வைத்துச் சம்பாதிக்கச் சொல்லித்தரும் ஒரு 'சார்' இருக்கிறாராம். கூட வேலை பார்த்த நண்பர்தான் அவரிடம் சேர்த்துவிட்டாராம். அந்தச் சாரை யாரும் நேரில் பார்த்ததில்லை. போனில் குரல், குரூப்பில் மெசேஜ், அவ்வளவுதான். முதலில் பயிற்சிக் கணக்கு. அதில் இருப்பது பொய்ப் பணம், போனாலும் நமக்கு நஷ்டமில்லை. கை பழகின பிறகு நிஜப் பணம் போடலாம்.

கேட்டதுமே எனக்குச் சந்தேகம் வந்தது. சம்பாதிக்கத் தெரிந்த ஆள் எதற்கு ஊரைக் கூட்டி வைத்துச் சொல்லித்தர வேண்டும்? கேட்டால் இவருக்குக் கோபம் வந்தது. தினமும் ஜெயிக்கிறேன் பார் என்று போனைக் காட்டினார். உண்மைதான், தினமும் ஜெயித்தார். அதுதான் எனக்கு இன்னும் உறுத்தியது. பரம்பரையாக மீன் எடுத்து விற்கிறவர்களுக்கே வாரத்தில் ரெண்டு நாள் கையைக் கடிக்கும். புதிதாகப் பழகுகிறவருக்கு ஒரு நாள்கூடவா தப்பாது?

ஒரு வியாழக்கிழமை, "வர்ற திங்கக்கிழமை நெஜக் கணக்கு ஆரம்பிக்கணுமாம். பேங்க்ல கீற பணத்த எடுத்துடலாம்மே. நான் நல்லா பண்றேன்னு சாரே சொல்லிக்கினு கீறாரு" என்றார்.

சண்டை போட்டால் பிடிவாதம்தான் பிடிப்பார். அதனால் எனக்கும் ஒரு பயிற்சிக் கணக்குப் போட்டுக் கொடு, நானும் பழகுகிறேன் என்றேன். அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். விலை ஏறும் என்று நினைத்தால் பச்சைப் பொத்தான், இறங்கும் என்று நினைத்தால் சிவப்பு என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். வேலை போன பிறகு அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. மனசுக்குள் வேறு திட்டத்தை வைத்துக்கொண்டுதான் நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மத்தியானம் குரூப்பில் சாரின் மெசேஜ் வந்தது. டாலர் ஏறும், பச்சையை அழுத்துங்கள். அவர் தன் போனில் பச்சையை அழுத்தினார். அதே நேரத்தில் நான் என் போனில் சிவப்பை அழுத்தினேன்.

"இன்னாமே, தப்பா அமுக்கிட்ட. நஷ்டம் வரப்போவுது" என்று பதறினார்.

"வரட்டும்யா, பொய்ப் பணம்தான" என்றேன்.

இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கணக்கில் லாபம் ஏறியது. என் கணக்கிலும் லாபம் ஏறியது. ஒரே டாலர், ஒரே நேரம்; ஏறும் என்றவருக்கும் லாபம், இறங்கும் என்றவளுக்கும் லாபம். இன்னொரு தடவை பார்க்கலாம் என்று அவர் சைகை காட்டினார். இந்த முறை அவர் சிவப்பு, நான் பச்சை. மறுபடியும் ரெண்டு பேருக்கும் லாபம். யார் எதை அழுத்தினாலும் ஜெயித்ததாகக் காட்டும்படி அந்த ஆப்பையே செய்து வைத்திருக்கிறார்கள். எல்லாம் ஆசை காட்டி நிஜப் பணத்தைப் போடவைக்கத்தான்.

என் வீட்டுக்காரர் உடனே சாருக்குப் போன் போட்டார். சர்வர் கோளாறு, திங்கட்கிழமைக்குள் சரியாகிவிடும், பணத்தை மட்டும் தயாராக வையுங்கள் என்றது அந்தக் குரல். இவர் மேற்கொண்டு கேள்வி கேட்டதும் போனை வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த நம்பர் கிடைக்கவே இல்லை. குரூப்பிலிருந்தும் எங்களை நீக்கிவிட்டார்கள். சேர்த்துவிட்ட நண்பரிடம் உடனே விஷயத்தைச் சொன்னார். நல்லவேளை, அவரும் இன்னும் பணம் போட்டிருக்கவில்லை.

மகளின் படிப்புப் பணம் தப்பியது. நான் சொன்னேனே கேட்டியா என்று குத்திக்காட்ட வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அப்போ ஒரு நாளுகூட நான் ஜெயிக்கல இல்ல?" என்றார். அழுதுவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

இப்போது அவர் மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறார். மகள் நர்சிங் படித்துக்கொண்டிருக்கிறாள். முன்பின் தெரியாதவர்களை நான் இன்றைக்கும் நம்புவதில்லை, அதில் எனக்கு வெட்கமும் இல்லை. ஆனால் வேலை போய் இடிந்து உட்கார்ந்திருந்த மனுஷனிடம் நீ நல்லா செய்யற என்று சொல்ல ஒரு திருடன் வரவேண்டியிருந்ததே, ஒரே வீட்டில் இருந்த நான் ஏன் அதை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்று நினைத்தால், இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.