மிச்சம் விழுந்த ஸ்பிரிங்

புல்வெட்டி எஞ்சினை யாரும் பிரித்துவிடலாம். ஒழுங்காகத் திரும்ப மாட்டுவான் என்று பெயர் இருந்தால்தான் ஆட்கள் நம்மிடம் கொண்டுவருவார்கள். அந்தப் பெயரை முதலில் கெடுத்தவன் மிக்கேல். திரேஸ்புரத்தில் நானும் அவனும் ஒரே பட்டறையில் படகு மோட்டார், ஜெனரேட்டர், புல்வெட்டி எல்லாம் பார்த்தோம். கூட்டாளியோடு பட்டறை நடத்திப் பார்த்தவர்களுக்கு நான் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

டீக்கடை மேசை

ஒரு விருந்தினர் விடுதியின் புல்வெட்டி வந்தது. எஞ்சின் வேகத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் சின்ன ஸ்பிரிங் உப்புக்காற்றில் இற்றுப்போயிருந்தது. புதியதை மாட்டினேன். மாட்டும்போது மிக்கேல்தான் டார்ச் பிடித்தான். பழையதை மேசையில் போட்டுவிட்டுக் கை கழுவப் போனேன்.

திரும்பி வந்தால் ஸ்பிரிங்கும் இல்லை, மிக்கேலும் இல்லை. எதிர்த்த டீக்கடையில் மேசைமேல் அதை வைத்து எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தான். "தங்கராசுக்குப் பிரிக்கத் தெரியும், மாட்டத் தெரியாது. இந்தா பாருங்க, மிச்சம்!"

பொட்டலம்

நான் தனிக்கடை போட்டேன். ஆனால் அந்தப் பேச்சு எனக்கு முன்னாலேயே அங்கே வந்து உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து ஒரு பழக்கம். கழற்றிய பழைய சாமானை ஒரு பாலிதீன் பையில் போட்டு, மெஷின் கைப்பிடியிலேயே கட்டிக் கொடுத்துவிடுவேன்.

அப்படியும், சாயர்புரத்திலிருந்து வந்த டீச்சரம்மா ஒருவர் ஸ்டூலைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, கடைசி நட்டு வரைக்கும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்க அண்ணாச்சி, மிச்சம் ஒண்ணும் இல்லைன்னு பாத்துட்டு வரச் சொல்லி எங்க வீட்டுல சொல்லி விட்டாக."

நல்ல தண்ணி

அதே விடுதியில் தோட்டவேலைக்குச் சேர்ந்த சூசை, முன்பு கடலுக்குப் போனவர். அவர் கொண்டுவந்த மெஷினின் கார்புரேட்டருக்குள் தண்ணீர். துடைத்து மாட்டிக் கொடுத்தேன். சில நாளில் மறுபடியும் வந்தது, மறுபடியும் தண்ணீர்.

விசாரித்தால், புல் வெட்டி முடித்ததும் தினமும் காற்று வடிகட்டியின் மூடியைத் திறந்து, ஓஸ் பைப்பால் எஞ்சினைக் குளிப்பாட்டியிருக்கிறார். கரைக்கு வந்ததும் படகு மோட்டாரை நல்ல தண்ணீரில் கழுவுகிற கை அது. "இது கடலுக்கா போயிட்டு வருது?" என்றேன். "கடலுக்குப் போகலைன்னா என்ன, உப்புக்காத்துலதான நிக்குது?" என்றார். என் ஸ்பிரிங்கைத் தின்றதும் அந்தக் காற்றுதான். என்னால் கோபப்பட முடியவில்லை. எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும் என்று காட்டிக் கொடுத்தேன். சூசை தலையைச் சொறிந்தார். "நீங்க மாட்டினதுதான் சரியில்லைன்னு நெனைச்சேன் அண்ணாச்சி, ஊருல அப்படித்தான பேசுதாக."

சாக்கு

போன மழைக்குப் பிறகு மிக்கேலே வந்தான், ஒரு சாக்கோடு. உள்ளே ஒரு புல்வெட்டி எஞ்சின், முழுக்கத் துண்டு துண்டாக. மாதா கோயில் புல்தரையை வெட்டித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தான். விடிந்தால் கொடியேற்றம். பிளேடு கல்லில் அடித்த பிறகு, கயிற்றை இழுத்தால் எஞ்சின் கையைத் திருப்பி உதறுகிறதாம். திரும்பத் திரும்பப் பிரித்து மாட்டியும் கோளாறு பிடிபடவில்லை.

சாக்கைத் தரையில் கொட்டினேன். பிளைவீல் சக்கரத்தைத் தண்டில் நழுவாமல் பிடித்திருக்கும் சிறு இரும்புத் துண்டைப் பார்த்தேன். பாதி வெட்டுப்பட்டு, சக்கரம் இடம் தள்ளிப் போயிருந்தது. வேறு போட்டு எல்லாவற்றையும் மாட்டினேன். முதல் இழுப்பிலேயே ஓடியது. வெட்டுப்பட்ட துண்டைப் பையில் போட்டு, வழக்கம்போலக் கைப்பிடியில் கட்டினேன். கடையில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. மிக்கேல் அந்தப் பையை விரலால் தட்டினான். "ஏலே தங்கராசு, இதையும் டீக்கடையில கொண்டுபோய் வைக்கச் சொல்லுதியோ?"

இதை அங்கே வைக்க வேண்டாம், அன்றைக்கு வைத்தது கழற்றிப் போட்ட பழைய ஸ்பிரிங்தான் என்று அவன் அங்கே ஒரு சொல்லை வைத்தால் போதும். டீக்கடையும் அந்த மேசையும் இன்னும் அங்கேயேதான் இருக்கின்றன.