தயிர்ச்சட்டிக் கொச்சிக்கன்று

நான் பயந்தாங்கொள்ளி. இதை ஒளித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. கேத்தல் வழக்கத்துக்கு மாறாகச் சத்தம் போட்டால் ஓடிப்போய் வயரைப் பிடுங்கிவிடுவேன். வேளைகெட்ட வேளையில் ஃபோன் அடித்தால் யாருக்கு என்னவோ என்று எடுக்கவே தயங்குவேன். ஆனாலும் ஒரு கொச்சிக்கன்று, வெறும் மிளகாய்ச் செடி, தலை சாய்ந்ததற்காக நான் பயந்து நின்றது போன மாரியில்தான்.

அது அப்பாவின் கன்று. கரடியனாற்றில் வயல் செய்தவர் அப்பா. வட்டை என்று நாங்கள் சொல்லும் வயல்வெளியில் வரம்பு வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்ட பிறகு, தன்னாமுனையில் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்து வைத்துக்கொண்டேன். தடியை ஊன்றி அறைக்கும் குசினிக்கும் இடையில் நடப்பார், அவ்வளவுதான். மழை தொடங்கியதும் அதுவும் குறைந்தது. முற்றம் முழுக்கத் தண்ணீர், வெயில் முகமே காட்டவில்லை. சும்மா இருக்க முடியாத மனிதர் ஒருநாள் குசினியில் கிடந்த செத்தல் மிளகாயைப் பிய்த்து விதை எடுத்தார். தயிர் முடிந்த சட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, அடியில் ஆணியை வைத்து மெல்ல மெல்லத் தட்டித் துளைகள் போட்டார்.

“தண்ணி நிண்டா கொச்சிக்கு வேர் அழுகிரும், மகள்” என்றார்.

என் கணவர் டவுனில் செடி வளர்க்கும் லைட் ஒன்று தேடி வாங்கிவந்து, சட்டிக்கு மேலே கம்பியில் தொங்கவிட்டார். ஊதா வெளிச்சம். ஒழுங்கையில் போகிறவர்கள் எங்கள் யன்னலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள். முளைத்ததில் திடமான ஒன்றை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அப்பாவே பிடுங்கிப் போட்டார்.

அந்த ஒற்றைக் கன்றில்தான் நான் என் பயத்தையெல்லாம் கட்டி வைத்திருந்தேன். அப்பாவுக்கு ஞாபகம் பிசகத் தொடங்கியிருந்தது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, இன்னும் சமைக்கவில்லையா என்பார். செத்துப்போன அம்மாவை வெற்றிலை கேட்டுக் கூப்பிடுவார். “மாமாவ ஒருக்கா டொக்டரிட்டக் காட்டுவம்” என்று கணவர் சொல்லும்போதெல்லாம் நான் கன்றைக் காட்டினேன். “இதப் பாருங்க. புத்தி பிசகின மனிசன் இப்பிடியா பயிர் வளப்பாரு?” கன்று நன்றாக இருக்கும்வரை அப்பாவும் நன்றாக இருக்கிறார். வேறு எதையும் நான் யோசிக்க விரும்பவில்லை.

அப்படிப்பட்ட கன்று ஒரு காலையில் துவண்டு தொங்கியது.

முதல் சந்தேகம் லைட்டின் மேல். கையைக் கீழே பிடித்துப் பார்த்தேன், சுடவில்லை. இலை நுனி கருகவும் இல்லை. இருந்தாலும் ஒரு சாண் உயர்த்திக் கட்டினேன். அடுத்தது தண்ணீர். கடலோடு சேரும் வாவிக்குப் பக்கத்தில் இருக்கிறோம், கோடையில் எங்கள் கிணறு உவர்க்கும். மாரியில் உவர்க்காது என்று தெரிந்திருந்தும் வாளியில் அள்ளி நாக்கில் விட்டுப் பார்த்தேன். நல்ல தண்ணீர். காற்றாக இருக்குமோ என்று மின்விசிறியைத் திருப்பி வைத்தேன். அப்பாவின் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு இலைகளைப் புரட்டிப் புரட்டிப் பூச்சி தேடினேன். ஒன்றுமே இல்லை. மறுநாள் அடியிலை மஞ்சளித்தது.

ஃபோனில் தேடினேன். மண் ஈரமாக இருந்தும் கன்று வாடினால் தண்ணீர் கூடிவிட்டது, வேருக்கு மூச்சு முட்டுகிறது என்று போட்டிருந்தார்கள். மண்ணைத் தொட்டேன், சொதசொதவென்று இருந்தது. ஆனால் சட்டிக்குக் கீழே வைத்த தட்டு காய்ந்து கிடந்தது. கூடியிருந்தால் வடிந்திருக்காதா? அந்தக் காய்ந்த தட்டைப் பிடித்துக்கொண்டு நான் கொஞ்சம் தைரியமானேன்.

“தண்ணி ஊத்துறது ஆரு?” என்று கணவர் கேட்டார்.

“நான் இல்ல. நீங்களா?”

“நானும் இல்ல.”

கணவர் திரும்பி, அப்பா இருந்த பக்கம் பார்த்தார்.

“வயலிலயே கிடந்த மனிசனுக்குத் தண்ணி அளவு தெரியாதா?” என்று சீறினேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நின்று பேசியிருந்தால் சண்டை பிடித்தாவது பயத்தை மறந்திருப்பேன்.

அப்பா கன்றுக்குப் பக்கத்தில், முகமெல்லாம் ஊதா வெளிச்சம் விழ, நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

“கன்று வாடிக் கிடக்கே அப்பா” என்றேன்.

“பயிர் கொஞ்சம் மயங்கும், மகள். மறுகா நிமிரும். தண்ணி நிண்டாத்தான் புல்லு எழும்பாது.”

சட்டியில் ஏது புல்? அது நெல்வயலுக்குச் சொல்கிற பேச்சு. வேர் அழுகும் என்று துளை போட்டவர் இவர்தான்.

மத்தியானம் அவர் கதிரையிலேயே கண்ணயர்ந்ததும் சட்டியைத் தூக்கினேன். கல்லாகக் கனத்தது. சரித்து அடியைப் பார்த்தேன். துளைகளைக் காணவில்லை. களிமண் வைத்து அடைத்து, விரலால் ஒரே மட்டமாக வழித்து விட்டிருந்தது. வயலில் தண்ணீர் நிற்க வேண்டும் என்றால் வரம்பில் விட்ட வாயை, வக்கடையை, அப்பா இப்படித்தான் அடைப்பார். ஒரு சொட்டுக் கசியாது. அவருடைய தடி நுனியில் சேறு ஒட்டியிருந்ததும், மழையைத் திட்டிக்கொண்டே நான் அதைத் துடைத்து வைத்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. குசினி வாசலில் குனிந்து, முறிந்த இடுப்போடு, எப்போது மண் எடுத்தாரோ தெரியாது.

கொண்டை ஊசியால் களிமண்ணைக் குத்தி எடுத்தேன். கறுத்த தண்ணீர் நாற்றத்தோடு வந்து, தட்டு நிரம்பி நிலத்தில் ஓடியது. அந்தச் சத்தத்தில் அப்பா விழித்துக்கொண்டார்.

“வக்கடையத் திறந்தது ஆரு?” கரடியனாற்றுக் குரல். அதில் கோபத்தைவிடப் பதற்றம்தான் கூடுதலாக இருந்தது. “அடையுங்க, அடையுங்க! தண்ணியெல்லாம் போகுது!”

“நான்தான் அப்பா. தண்ணி கூடிப் போச்சு.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சட்டியை, தொங்கிய கன்றை, மேலே எரிந்த லைட்டை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இது வட்டை இல்லை என்பது அவருக்கு விளங்கிவிட்டது. முகம் அப்படியே விழுந்தது. என்னைக் கிட்ட வரச் சொல்லிக் கையைக் காட்டினார். குனிந்தேன்.

“தங்கச்சி” என்றார், மெதுவாக. “எனக்கு வரவர ஒண்டும் பிடிபடுதில்ல. என்ட மகள் உள்ளுக்க இரிக்கா. அவட்டச் சொல்லிராதங்க. அவ சின்னதிலயே சரியான பயந்த புள்ள.”

தண்ணீர் என் காலடிக்கு வந்திருந்தது.

“ஓம் ஐயா” என்றேன். “சொல்லமாட்டன்.”