கூரை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை

மே மாதத்து மத்தியானத்தில் எங்கள் வீட்டுக் கூரையைத் தெரியாமல் தொட்டுவிட்டால் விரல் நுனியில் தோல் சுருண்டுவிடும். தொடுவது ஒன்றும் கடினமல்ல. கட்டிலின் மேல் ஏறி நின்றால் பத்து வயதுப் பெண்ணான எனக்கே எட்டுகிற உயரத்தில்தான் அது இருந்தது. தார் வந்த டிரம்களை வெட்டி, சுத்தியலால் அடித்து நிமிர்த்திய தகரம். தாராவியில் அதைப் "பத்ரா" என்போம். வெயில் ஏற ஏற அதில் ஒட்டியிருந்த பழைய தார் இளகிச் சொட்டும். துருவும் தாரும் கலந்த வாடை சோற்றில் இருக்கும், தலைமுடியில் இருக்கும், பள்ளிக்கூடப் புத்தகத்தைத் திறந்தால் அதிலும் இருக்கும். மழைக்காலத்தில் அதே தகரத்தின் ஓட்டைகளுக்குக் கீழே வீட்டிலிருந்த எல்லாப் பாத்திரமும் வரிசையாக உட்கார்ந்திருக்கும், சோறு வடித்த பானையைத் தவிர.

அறுபதுகளின் நடுவில் ஒரு வருடம், மழைக்கு முன்னால் கூரையை மாற்றியே தீருவது என்று அப்பா முடிவெடுத்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் பதனிடும் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த அவருக்கு அப்போது மாதச் சம்பளம் தொண்ணூற்றைந்து ரூபாய். ஏலச் சீட்டில் எடுத்த பணம் நூற்றைம்பது ரூபாய் கையில் இருந்தது. அந்த நூற்றைம்பது ரூபாயை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் நடந்த பேச்சு ஒரு மாதம் ஓடியது. மாட்டுங்காவில் ஏதோ பழைய பங்களாவை இடிக்கிறார்கள், மங்களூர் ஓடு சல்லிசாகக் கிடைக்கும் என்று ஒருவர் சொன்னார். "ஓட்டுக்குக் கீழ மரம் வேணும்லா. அந்தக் கனத்த இந்தச் செவரு தாங்குமா?" என்று அம்மா அதை முதல் நாளே தள்ளிவிட்டாள். அவள் கேட்டது நெளிநெளியான இரும்புத் தகரம். அது அரசாங்கக் கட்டுப்பாட்டில் இருந்த சரக்கு. கள்ள விலைக்குத்தான் கிடைக்கும், அதுவும் இரண்டு பங்கு விலை. அப்பாவின் கண் சிமெண்டுப் பத்ராவின், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் தகட்டின், மேல் இருந்தது. ஒன்று பதினான்கு ரூபாய், எட்டு வேண்டும். கொக்கி ஆணி, தார் வாஷர், கைவண்டிக் கூலி எல்லாம் சேர்த்தாலும் நூற்று முப்பதுக்குள் முடிந்துவிடும். வெயிலில் சுடாது, துருப்பிடிக்காது, மழை பெய்தால் காது கிழியாது.

"கல்லு விழுந்தா ஒடைஞ்சு போவும்லா" என்றாள் அம்மா.

"நம்ம வீட்டு மேல கல்லெறிய எவன் வாரான்" என்றார் அப்பா.

அவர் அப்படிச் சொன்னது ஆச்சரியம்தான். எங்கள் சந்தில் கல்லும் சோடா பாட்டிலும் பறக்காத மாதமே கிடையாது. ஒருவர் கூரைத் தண்ணீர் இன்னொருவர் வாசலில் விழுந்ததற்காக ஒரு ஆளின் முன்பற்கள் போனதை நான் பார்த்திருக்கிறேன். போதாததற்கு, எங்கள் வீட்டோடு ஒட்டிய அடுத்த வீடு சுடலையுடையது.

மதுவிலக்கு அமலில் இருந்த காலம் அது. சுடலை கள்ளச்சாராயம் காய்ச்சினான். சாக்கடையை ஒட்டிய சதுப்பில் அவனுடைய "பட்டி", அதாவது சாராய உலை, எரிந்துகொண்டிருக்கும். காய்ச்சிய சரக்கை லாரி டயரின் ரப்பர் டியூப்களில் நிரப்பி, வாயைக் கட்டி, வெளியே அனுப்புவான். அவனும் எங்கள் ஜில்லாக்காரன்தான். அதனால் எங்களுக்குச் சலுகை எதுவும் கிடையாது. எங்களை அடிக்கும்போது தமிழில் திட்டுவான், அவ்வளவே. அந்த வருடம் அவனுக்குச் சில மாதங்களாக டியூப்கள் குறைந்துகொண்டே வந்தன. திருடியது தன்னிடம் சரக்குச் சுமக்கும் ஆள்தான் என்று நினைத்து அவனுடைய உள்ளங்கையைப் பட்டி அடுப்பில் வைத்து அழுத்தினான். அந்த அலறலைக் கேட்டபோது அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்காமல், தண்ணீர் வெள்ளையாகக் கலங்கிக் கிடக்க, அலறல் நிற்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அவன் மனைவி செல்லக்கனி. இருபது வயதுகூட இருக்காது. கையில் ஒரு வயதுப் பெண்குழந்தை. அவள் முகத்தில் காயமில்லாமல் நான் பார்த்த நாட்கள் குறைவு. அம்மாவை, அண்ணன் மனைவியைக் கூப்பிடுவதுபோல, "மயினி" என்று கூப்பிடுவாள். சுடலை இல்லாத நேரம் பார்த்து எங்கள் வீட்டுக்கு வந்து, பேசாமல் வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டுப் போவாள்.

கூரை பிரித்தது மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. அப்பாவோடு கிடங்கில் வேலை செய்த இரண்டு பேர் உதவிக்கு வந்தார்கள். புதுப் பத்ராக்கள் முந்தின நாளே வந்து, சந்தில் எங்கள் சுவரோரம் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. வெளிறிய சாம்பல் நிறத்தில் அவை அத்தனை சுத்தமாக இருந்ததால் நான் போய்ப்போய்த் தடவிப் பார்த்தேன். பழைய தகரங்களைக் காலையிலேயே ஒவ்வொன்றாக இறக்கி, பழைய இரும்பு வாங்குகிறவனின் கைவண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். கடைசியாக ஓரத்தில் ஒரு தகரம் மட்டும் மிச்சம் இருந்தது. காற்றில் பறக்காமல் இருப்பதற்காகக் கூரைமேல் வைத்திருந்த பழைய டயர்கள் எல்லாம் சுடலை வீட்டுப் பக்கமாக அதன்மேல் ஒதுக்கப்பட்டுக் கிடந்தன. உதவிக்கு வந்தவர்களில் ஒருவர் ஒரு டயரைத் தூக்கினார். "இதென்ன இந்தக் கனம் கனக்கு" என்று சொல்லிக்கொண்டே சந்தில் போட்டார். விழும்போது அது கூரையில் மிச்சமிருந்த தகரத்தின் விளிம்பில் பட்டது. உள்ளே ஒளிந்திருந்த டியூப் வெடித்து, சாராயம் சுவரில் பீய்ச்சி அடித்தது.

சந்து முழுவதும் அந்த நெடி. பக்கத்து வாசல்களில் நின்றவர்கள் தங்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். அப்பா மட்டும் ஏணியில் நின்றபடி, தன் கூரைமேல் இது எப்படி வந்தது என்று புரியாமல் மற்ற டயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றில் இன்னும் இரண்டிற்குள் டியூப் இருந்தது.

செய்தி சுடலைக்குப் போய்ச் சேர அதிக நேரம் ஆகவில்லை. இரண்டு ஆட்களோடு வந்தான். அவன் கையில் ஹாக்கி மட்டை. ஒருவன் மூலைக்கடையிலிருந்து ஒரு பெட்டி சோடா பாட்டிலைத் தூக்கி வந்தான். அப்பா ஏணியிலிருந்து இறங்கி, "சுடலை, எனக்கு ஒண்ணும்..." என்று தொடங்கினார். மட்டை அவருடைய இடது காதில் இறங்கியது.

அடி விழுந்தால் மனிதன் சத்தம் போடுவான் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். அப்பா சத்தமே போடவில்லை. முழங்கால் மடிந்து உட்கார்ந்தார். காதிலிருந்து ரத்தம் கழுத்து வழியாகப் பனியனுக்குள் ஓடியது. "எத்தன நாளாலே எஞ்சரக்கத் திங்க?" என்று கேட்டபடி சுடலை தோளிலும் முதுகிலும் மாற்றி மாற்றி அடித்தான். உதவிக்கு வந்த இருவரில் ஒருவர் குறுக்கே போய் உடைந்த சோடா பாட்டிலால் கையில் வெட்டு வாங்கினார், மற்றவர் ஓடிவிட்டார். சுடலையின் ஆட்கள் அடுக்கி வைத்திருந்த பத்ராக்களைக் கீழே தள்ளி அவற்றின்மேல் குதித்தார்கள். சிமெண்டுப் பத்ரா அப்பளம் போல நொறுங்கும். ஒரு மாதப் பேச்சும் சீட்டுப் பணமும் அவர்கள் காலடியில் துண்டுதுண்டாகப் போவதைப் பார்த்துக்கொண்டு அம்மா வாசலில் நின்றாள். அவள் பார்வை பத்ராவில் இல்லை, மட்டையில் இருந்தது.

அப்போதுதான் செல்லக்கனி வந்தாள். குழந்தையை என் கையில் கொடுத்தாள். பிறகு நேராக மட்டைக்கும் அப்பாவுக்கும் நடுவில் போய் நின்றாள்.

"அவியள விடு. அவியளுக்கு ஒண்ணும் தெரியாது. நாந்தான் எடுத்தேன். நாந்தான் அங்கன வச்சேன்."

சுடலை மட்டையை இறக்கினான். "எதுக்கு?"

"வித்து ரயிலுக்குத் துட்டு சேக்க" என்றாள். "புள்ளயத் தூக்கிட்டுப் போயிரலாம்னு."

இவ்வளவு நிதானமாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை. எங்கள் கூரையும் அவர்கள் கூரையும் தொட்டுக்கொண்டிருந்ததால், மாதத்துக்கு ஒன்று என்று எட்டி எட்டி எங்கள் டயர்களுக்குள் மறைத்திருக்கிறாள். நாங்கள் கூரையைப் பிரிக்கப்போகிறோம் என்று தெரிந்தும் அவளால் அவற்றை எடுக்க முடியவில்லை. அந்த வாரம் முழுவதும் சுடலை வீட்டைவிட்டு நகரவில்லை. அன்று காலை அவன் பட்டிக்குக் கிளம்பியபோது எங்கள் கூரைமேல் ஆட்கள் ஏறிவிட்டிருந்தார்கள்.

அவன் அவள் தலைமுடியைக் கையில் சுற்றிக்கொண்டு சுவரில் மோதினான். இரண்டாவது முறை மோதும்போது அம்மா ஓடிவந்து, அவன் மணிக்கட்டைக் கடித்தாள். பிடி தளர்ந்த அந்த நொடியில் செல்லக்கனியை இழுத்துக்கொண்டு, என்னையும் குழந்தையையும் உள்ளே தள்ளி, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அப்பா வெளியே கிடந்தார். அவரை இழுக்க நேரமில்லை.

கதவு கெட்டியான கதவு. ஆனால் மேலே, ஓரத்தில் அந்த ஒற்றைத் தகரம் போக, கூரை இல்லை. நான்கு சுவருக்கு நடுவில், மே மாதத்து நீல வானத்துக்குக் கீழே, அடுப்பும் பானையும் கட்டிலும் நாங்களும் வெட்டவெளியில் இருந்தோம். முதல் சோடா பாட்டில் சுவரைத் தாண்டி வந்து அடுப்பங்கரையில் வெடித்தது. அம்மா என்னைக் கட்டிலுக்கு அடியில் போகச் சொன்னாள். குழந்தையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நான் குப்புறப் படுத்தேன். பாட்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கண்ணாடித் துண்டுகள் தரையில் சறுக்கி என் முழங்கை வரை வந்தன. குழந்தை அழவில்லை, என் காதைக் கையால் இறுகப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

பெட்டி காலியானதும் சுடலை தன் வீட்டுக் கூரைமேல் ஏறினான். அவன் காலடியில் தகரம் நெளிகிற சத்தம் கேட்டது. கட்டிலுக்கு அடியிலிருந்து நான் பார்த்தபோது அவன் எங்கள் வீட்டுக்குத் தாண்டி, சந்துப் பக்கத்துச் சுவரின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தான். கையில் உடைந்த பாட்டிலின் கழுத்து. உள்ளே குதிக்க எந்த இடத்தில் கண்ணாடி இல்லை என்று குனிந்து பார்த்தான். கூரையிலிருந்து இறக்கிய மூங்கில் ஒன்று மூலையில் சாய்ந்திருந்தது. அம்மா அதை இரண்டு கையாலும் எடுத்து, அடுப்பு மேடையில் காலூன்றி, அவன் நெஞ்சுக்கு நேராக வைத்து, முழு உடம்பாலும் தள்ளினாள்.

அவன் பின்பக்கமாகச் சந்தில் போய் விழுந்தான், தன் ஆட்கள் உடைத்த பத்ராக்களின் மேலேயே. எலும்பு முறிந்த சத்தம் எங்களுக்குக் கேட்டது. பிறகு அவன் அலறினான். அம்மா மூங்கிலைப் பிடித்தபடியே நின்றாள். செல்லக்கனி அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அதை வாங்க வேண்டியிருந்தது.

அவனுடைய ஆட்கள் அவனைக் கைவண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சாயங்காலம் ஒரு ஹவல்தாரும் போலீஸ்காரர் ஒருவரும் வந்தார்கள். தொடை எலும்பு இரண்டாக முறிந்திருக்கிறது, யார் தள்ளியது என்று கேட்டார்கள். சந்தில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அம்மா வாயைத் திறப்பதற்குள் செல்லக்கனி முன்னால் வந்தாள். உதடு கிழிந்து வீங்கியிருந்தது. "மைனே கிராயா" என்றாள். "மேரா ஆத்மி ஹை." என் புருஷன், நான்தான் தள்ளினேன். ஹவல்தார் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தார். புருஷன் பெண்டாட்டி சண்டையா, இதற்கா எங்களைக் கூப்பிட்டீர்கள் என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த இரண்டு டியூப்களையும் போலீஸ்காரரிடம் தூக்கிவரச் சொல்லிக் கிளம்பினார். ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை.

மறுநாள் அம்மா பழைய இரும்புக்காரனிடம் போனாள். நாங்கள் விற்ற அதே தகரங்களை, விற்ற விலைக்கு இரண்டு பங்கு கொடுத்து, தன் கம்மலைக் கழற்றித் திரும்ப வாங்கிவந்தாள். தலையில் கட்டோடு அப்பா கீழே நின்று சொல்லச் சொல்ல, அம்மாவும் செல்லக்கனியுமே மேலே ஏறி அதை மாட்டினார்கள். மழை அந்த வாரமே வந்தது. அதே ஓட்டைகள், அதே பாத்திரங்கள். அப்பாவுக்கு இடது காது அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. அடைமழை இரவுகளில் நல்ல காதைத் தலையணையில் அழுத்திக்கொண்டு படுத்தார் என்றால் அவருக்குத் தூக்கம் வந்துவிடும். செல்லக்கனியும் குழந்தையும் சுடலை ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்கு முந்தின நாள்வரை எங்களோடு இருந்துவிட்டு, பாண்டுப்பில் இருந்த அவளுடைய அக்காள் முறைக்காரி வீட்டுக்குப் போனார்கள். ஊருக்குப் போகவில்லை. அங்கேயே ஏதோ கம்பெனியில் துடைத்துப் பெருக்கும் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டோம். சுடலை கம்பை ஊன்றிக்கொண்டு வந்தபோது பட்டி வேறொருவன் கையில் இருந்தது. ஒரு காலத்தில் அவனுக்காக ஒதுங்கி நின்றவர்கள் அவனைத் தாண்டிக்கொண்டு போனார்கள்.

அம்மா அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி வீட்டில் யாரையும் பேசவிட்டதில்லை. வெகு காலத்துக்குப் பிறகு, நோயில் படுத்திருந்தபோது, நான் கேட்காமலே ஒருமுறை சொன்னாள்: "பதட்டத்துல தள்ளிட்டேன்னு நெனச்சிக்கிட்டிருக்கியா? செத்தாச் சாவட்டும்னுதான் தள்ளுனேன்." சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டாள்.

இப்போது அந்தச் சந்து இருந்த இடத்தில் ஏழு மாடிக் கட்டடம் நிற்கிறது. அங்கே யாருக்கும் தனியாகக் கூரை என்று ஒன்று கிடையாது. எந்த வீட்டின் மேலும் யாரும் ஏறி நிற்க முடியாது. அப்பா, அம்மா, செல்லக்கனி, சுடலை ஒருவரும் இல்லை. சென்ற வருடம் கல்யாணில் ஒரு திருமண வீட்டில் அறுபதை நெருங்குகிற ஒரு பெண் என்னிடம் வந்து, தன்னைச் செல்லக்கனியின் மகள் என்று சொல்லிக்கொண்டாள். பக்கத்தில் அவளுடைய பேரன், கையில் போனோடு. அம்மா உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள் என்று தொடங்கிவிட்டுக் கேட்டாள்.

"எங்கப்பன எங்கம்மா மூங்கிலால செவத்துல இருந்து தள்ளிவிட்டாளாமே. சாவுறவரைக்கும் அதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. நெசந்தானா? நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றேன்.

"எங்கம்மாதானே?"

"ஆமா. உங்கம்மாதான்."

அவள் பேரனின் தோளைத் தட்டினாள். அவனுக்குத் தமிழ் சரியாக வராதாம். அந்தக் கதையை, ஒன்றையும் விடாமல், இந்தியில் அவனுக்குச் சொல்ல ஆரம்பித்தாள்.